சொட்டப்பன் ஏன் திரும்பி வரவில்லை

சொட்டப்பனுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்து வந்து, "நீதானே அது?" என்று கேட்டால் மானம் போய்விடும்.

சொட்டப்பன் என்பவன் ஒரு சொட்டு ரத்தம். உடம்பெல்லாம் சிவப்பு, இரண்டு குட்டைக் கால், முகத்தில் கறுப்புக் கண்ணாடி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரத்த ஓட்டம் புரியவேண்டும் என்று மதுரையில் எங்கள் ஸ்டூடியோவில் நான் வரைந்த அனிமேஷன் படத்தின் கதாநாயகன். படம் நாலே நிமிடம். அதில் அவன் போடும் குத்தாட்டத்துக்கு மட்டும் ஆறு வாரம் உழைத்தேன். என் வாழ்க்கையில் வேறு எந்த ஆம்பளைக்கும் அவ்வளவு பாடுபட்டதில்லை.

திருவனந்தபுரம் ஆரியசாலையில், தமிழ்நாட்டிலிருந்து போய் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளை இருக்கிறது. படத்தைக் கொண்டுவந்து போடுங்கள், பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று ஐந்து நாள் பார்க்கிறோம், புரிந்தால் பன்னிரண்டு அறிவியல் பாடத்துக்கும் படம் செய்கிற வேலை உங்களுக்கே என்றார்கள். புரியாவிட்டால் என்ன என்பதை எங்கள் முதலாளி ரத்தினச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார்: "பழையபடி தாமரைதாம்மா."

தாமரை என்றால் கல்யாண அழைப்பிதழ் வீடியோ. தாமரை விரியும், அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை பெயர் எழும், ஒரு மயில் பெண்ணின் பெயரைக் கொத்திக்கொண்டு வரும். நாலு வருடம் அதைத்தான் செய்தேன். இன்னொரு தாமரையை விரித்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இது மிகைப்படுத்தல் இல்லை, என் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே திங்கட்கிழமை காலை திருவனந்தபுரத்தில் மழையில் இறங்கியபோது, தோளில் மடிக்கணினி, கையில் குடை, வயிற்றில் பயம்.

முதல் அதிர்ச்சியைக் கொடுத்தது ஆட்டோ. ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் மீட்டரைத் தட்டிவிட்டார். மதுரையில் ஆட்டோ மீட்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் அலங்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று, அவர் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

கரமனையில் ஓர் அக்ரஹாரத்துத் தெருவில் எனக்கு மாடியறை. வீட்டுக்காரி கோமதி மாமி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி: "என்னாக்கும் ஜோலி?"

"அனிமேஷன் மாமி. பிள்ளைகள் பாடம் படிக்கிறதுக்குப் படம் செய்றேன்."

"பொம்மைப் படமா? அதுக்கு மெனக்கெட்டு இவ்வளவு தூரம் வரணுமோ?" என்றவர், என் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, மொதல்ல சாப்ட வாங்கோ. பொம்மை எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

சேனை எரிசேரி, மோர்க்குழம்பு, கொட்டை கொட்டையாகச் சிவப்பரிசிச் சோறு. குடிக்க வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியதாம். வெளியே பெய்கிற புழுக்க மழைக்கு ஐஸ் தண்ணீர் தேடுகிறவளுக்கு இந்த ஊரில் வெந்நீர்தான் உபசாரம். அந்த நிறத்தைப் பார்த்ததும், சொட்டப்பனின் சிவப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி.

வகுப்பு நடப்பது ஆரியசாலைச் சந்தொன்றில், ஓர் இரும்புச் சாமான் கிடங்கின் மாடியில். கீழே ஆணி மூட்டை இறக்குகிறார்கள், மேலே இருபது பிள்ளைகள் அறிவியல் படிக்கிறார்கள். நடத்துவது லில்லி டீச்சர். பாறசாலைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தொடும் வயது, உயிரியல் படித்தவர். அவர் பேசும் தமிழில் மலையாளம் பாதிக்குப் பாதி கலந்திருந்தது. "வாங்க டீச்சர், மழை நனஞ்சோ? சாரமில்ல, இரிங்க" என்று, பரவாயில்லை, உட்காருங்கள் என்கிற பாவனையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கேரளத்தில் பள்ளி வாசலை மிதித்த பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான் போலிருக்கிறது. நான் பிளஸ் டூவில் உயிரியலில் எத்தனை வாங்கினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

படம் ஓடியது. சொட்டப்பன் இதயத்திலிருந்து எட்டிப் பார்த்தான், கண்ணாடியைச் சரிசெய்தான், தமனியில் சறுக்கிக்கொண்டு இறங்கினான். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். அவன் காலை அடைந்ததும் ஒரு குட்டிக்கரணம் போட்டு, "டாட்டா!" என்று கைகாட்டி மறைவான். உடனே இதயத்தில் அடுத்த சொட்டப்பன் எட்டிப் பார்ப்பான். அந்த "டாட்டா"வுக்கு அறையே அதிர்ந்தது. "டீச்சரே, ஒருக்கக்கூடி, ஒருக்கக்கூடி!" என்று இன்னொரு தடவை கேட்டுக் கத்தினார்கள். மூன்று முறை போட்டேன்.

நான் தரையில் இல்லை. எனக்குத்தான் இறக்கை முளைத்துவிட்டதே. லில்லி டீச்சரிடம், "கேள்வி கேட்டுப் பாருங்களேன்" என்றேன், தெனாவெட்டாகத்தான்.

"இன்னைக்குக் கேட்டா சிரிப்புதான் வரும். நாளைக்குக் கேப்போம்" என்றார் அவர். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஓட்டலுக்குப் போய் இனிப்பு கேட்டேன். இலையில் ஒரு போளியை வைத்து, அதன் தலையில் பால் பாயசத்தை ஊற்றினார் பரிமாறியவர். மதுரையில் இப்படிச் செய்தால் கைகலப்பு ஆகும். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன். இதுபற்றி ஊரில் யாரிடமும் மூச்சுவிடவில்லை, இங்கேதான் முதல்முறை சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லில்லி டீச்சர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தாளில் மனித உடம்பின் கோட்டுருவம் மட்டும். "ஒரு துளி ரத்தம் இதயத்துல இருந்து கிளம்புது. அது போற வழி முழுக்க வரைங்க மக்களே. முடியுத இடத்துல நிறுத்துங்க."

தாள்கள் வந்தன. நான் ஆவலாகப் பிடுங்கிப் பார்த்தேன். பத்தொன்பது தாள், ஒருத்தி வரவில்லை. பத்தொன்பதிலும் இதயத்திலிருந்து ஒரு கோடு இறங்கிக் காலுக்கு வந்து நின்றுவிட்டது. பதினாறு பேர் கால் விரலுக்குப் பக்கத்தில் "டாட்டா" என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன் பாதம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கூலிங்கிளாஸாக வரைந்து, பாதத்தைப் பூசணிக்காய் அளவுக்கு வீங்கவைத்திருந்தான். ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, ரத்தத்தைத் திரும்ப மேலே ஏற்றவில்லை.

"ஆனா குரல்ல சொல்லியிருக்கோமே!" என்று பதறினேன். "'பின்னர் சிரைகளின் வாயிலாக இதயத்தை மீண்டும் அடைகிறது'ன்னு தெளிவா வருதே!"

"எப்ப வருது?"

படத்தை ஓட்டிப் பார்த்தேன். அந்த வாக்கியம் வருவது மிகச் சரியாகக் குட்டிக்கரணத்தின்போது. உலகத்தில் எந்தப் பிள்ளை குட்டிக்கரணத்தைவிட்டுச் சிரையைக் கவனிக்கும்?

என் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. எங்களுக்கு லூப் என்றால் உயிர். ஒரு சொட்டு மேலிருந்து கீழே போய் மறையவேண்டும், மறைந்த நொடியில் மேலே இன்னொன்று தோன்றவேண்டும். ஓட்டம் நிற்காமல் தெரியும், வேலை பாதியாகக் குறையும். அருவிக்கு அப்படித்தான், மழைக்கு அப்படித்தான், தாமரை மேல் கொட்டும் பூவுக்கும் அப்படித்தான். திரும்பி வரும் பாதையை வரைந்தால் அது திரையில் விளக்க வரிகள் இருக்கும் வலப்பக்கத்து எழுத்துப் பெட்டியில் இடிக்கிறது என்று வேறு ஒரு காரணம். ஆக, ரத்தம் இதயத்தில் உற்பத்தியாகிக் காலில் தீர்ந்துபோகிறது என்று இருபது பிள்ளைகளுக்கு ஆடிப்பாடிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது. சேலை கட்டிய ஒரு பெண், கையில் டிபன் பை, ஒரு சிறுமியைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிறுமி மகா, முந்தின நாள் முன்பெஞ்சில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தவள். அன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை. வந்தவள் அவள் அம்மா முத்துலட்சுமி, சங்கரன்கோவில் பக்கம். சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை, அன்று பாதியில் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"டீச்சர், எவ அந்தப் படத்தக் காட்டுனவ?" என்றாள்.

லில்லி டீச்சர் என்னைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. கையைத் தூக்கினேன்.

முத்துலட்சுமி சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் சிவந்த தடிப்பு. பாதம் இரண்டும் உப்பியிருந்தன. "காலேல ஒம்பது மணிக்கு நின்னா ராவு எட்டு மணிவர நிக்கேன். காலு வீங்கத்தான் செய்யும். நேத்து வந்து கெடந்தேன், அசந்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தா காலு மரத்துப் போயி நீலம் பாரிச்சுக் கெடக்கு. இவ ஸ்கூல் பெல்ட்ட வச்சி இறுக்கிக் கெட்டியிருக்கா! ஏட்டி ஏன் கெட்டுனன்னு கேட்டா, படத்துல காட்டுனாவன்னு சொல்லுதா!"

மகா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ரத்தம் எல்லாம் காலுக்கு வந்து நின்னுடுதுல்ல. அதான் அம்மாவுக்கு வீங்குது. வர்ற வழிய அடைச்சா வீங்காதுன்னு நெனச்சேன்."

கீழே ஆணி மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை தாயின் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். நான் வரைந்ததை அப்படியே நம்பி.

லில்லி டீச்சர் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தார், விரல் அசைகிறதா என்று கேட்டார், நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும் என்றார். பிறகு மகாவின் தலையில் கைவைத்து, "இனி ஆருக்கும் ஒண்ணும் கெட்டக் கூடாது கேட்டியா? ஆனா நீ யோசிச்சது கரெக்ட்டாக்கும் மோளே. காட்டுனதுதான் தப்பு" என்றார்.

என்னிடம் திரும்பியபோது குரல் மாறவில்லை. "வியாழக்கிழமை இன்னொருக்க காட்டுங்க. வெள்ளிக்கிழமை பிள்ளைங்க வரையட்டும். அப்பவும் ரத்தம் திரும்பி வரலன்னா, வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருவேன். எனக்கு உங்க மேல ஒரு விரோதமும் இல்ல, கேட்டியளா?"

முதலாளிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "சொட்டப்பனைத் தூக்கப்போறியா? அவனை வச்சித்தானம்மா இருவது ஸ்கூல்ல பேசியிருக்கேன்! அவன் போனா நீயும் தாமரைக்குப் போ."

புதன்கிழமை காலை கோமதி மாமி தோசை வார்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பொம்மையைக் காட்டுங்கோ" என்றார். காட்டினேன். மூன்றாவது நொடியில் கலகலவென்று சிரித்தார். படம் முடிந்ததும், "என்ன புரிஞ்சுது மாமி?" என்று கேட்டேன்.

"நன்னா ஆடறான்" என்றார் மாமி.

மாடிக்குப் போய்ச் சொட்டப்பனை அழித்தேன். முதலில் கண்ணாடி, பிறகு கால்கள், கடைசியில் முகம். மிஞ்சியது ஒரு வெறும் சிவப்புத் துளி. பின்னணி இசையை எடுத்தேன். இதயத்துக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்த பட்டாம்பூச்சிகளையும் எடுத்தேன். அவை ஏன் அங்கே பறந்தன என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. எழுத்துப் பெட்டியைத் தூக்கிவிட்டுக் காலிலிருந்து மேலே ஒரு பாதை போட்டேன். மதியத்துக்குள் கணினியில் வரைகிற மின்பலகையின் பேனா முனை தேய்ந்து உயிரைவிட்டது.

புது முனை பாளையத்தில் ஒரு கடையில் கிடைத்தது. திரும்பி வரும்போதுதான் பஸ் ஏறினேன். ஊரைச் சுற்றி வட்டமடிக்கும் பஸ்கள் இங்கே உண்டு, சில வலமாகவும் சில இடமாகவும் சுற்றும். சாலை பஜாருக்குப் பக்கத்திலிருக்கும் கிழக்கே கோட்டைக்குப் போகும் என்று நானாக முடிவுசெய்து, நேர் எதிர்த்திசையில் சுற்றுகிற வண்டியில் ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து மெடிக்கல் காலேஜ் என்ற பலகையைப் பார்த்ததும் எழுந்து கூச்சல் போட்டேன்.

பெண் நடத்துநர் என்னை உட்காரச் சொன்னார். "சேச்சி, ஏன் பதறுகிறீர்கள்? இது சுற்றுகிற வண்டி. இறங்காமல் இருந்தால் எப்படியும் கோட்டை வந்துவிடும்" என்று மலையாளத்தில் ஆறுதல் சொன்னார். பின்னால் ஒரு பெரியவர் பக்கத்து இருக்கைக்காரரிடம், "பாண்டிக்காரி, மழையில் குழம்பிப் போயிருக்கிறாள்" என்றார். பாண்டிக்காரி என்றால் தமிழ்நாட்டுக்காரி, அந்த அளவுக்கு மலையாளம் எனக்குப் புரியும் ஐயா.

பஸ் வட்டமடித்ததும் எனக்கு ரத்த ஓட்டம் விளங்கிவிட்டது என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

கோட்டையில் இறங்கிச் சாலை பஜாருக்குள் நடந்தேன். முத்துலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்காமல் அந்த வேலையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. துணிக்கடை நீளமான கடை. மேசைக்குப் பின்னால் ஐந்து பெண்கள், ஐவரும் நின்றுகொண்டு. உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று இங்கேயும் சட்டம் உண்டு, நம் ஊரிலும் உண்டு. அந்தச் சட்டத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடத்தான் ஆளில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனியளா?" என்று கேட்டேன், அவள் பேச்சே எனக்குத் தொற்றிக்கொண்டது.

"காலேல போனேன். ஒண்ணுமில்லையாம். ரொம்ப நிக்காதன்னாரு டாக்டரு. அவருக்கென்ன, சொல்லுவாரு" என்றபடி, முதலாளி பார்வைக்காக ஒரு பாவாடைத் துணியை என் முன்னால் விரித்துப் போட்டாள். நான் மன்னிப்புக் கேட்டதும் தலையாட்டினாள், கோபம் ஆறியிருந்தது.

துணியின் மறைவில் போனை வைத்துப் புதுப் படத்தைக் காட்டினேன். துளி இறங்கியது, காலைத் தொட்டது, நிறம் கறுத்து, வேறு குழாய் வழியாக மேலே ஏறி இதயத்துக்குள் நுழைந்தது. நான் பெருமையாக அவளைப் பார்த்தேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "எறங்குனது சரி. இதயம் தள்ளுது, எறங்குது. இவ்ளோ ஒசரம் ஏறுதே, அத ஆரு தள்ளுதா?"

ஆறு வாரம் அந்தத் துளியை ஆடவிட்ட எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றவில்லை. நான் கீழிருந்து மேலே ஓர் அம்புக்குறி போட்டேன், அது ஏறியது. அனிமேஷனில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், யாரும் தள்ளவேண்டியதில்லை.

கடை வாசலில் நின்றே லில்லி டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஹார்ட்டும் கொஞ்சம் தள்ளும். ஆனா கெண்டைக்கால் தசை இருக்கில்லியா, நடக்கும்போ அதுதான் குழாயப் பிழிஞ்சு மேல ஏத்தும். கீழ விழாம இருக்க உள்ள குட்டிக் குட்டிக் கதவு உண்டு. ஒரே நிப்பா நின்னா பிழிய ஆளில்ல, அங்கயே தங்கும். ஆரு கேட்டா இத?"

"முத்துலட்சுமி."

"கொள்ளாம்" என்றார் டீச்சர், பலே என்கிற மாதிரி. இருபது பிள்ளைகளின் கைதட்டலைவிட அந்த ஒரு சொல் எனக்கு உறைத்தது. பாராட்டு எனக்கில்லை என்றாலும்.

உள்ளே போய் அவளுக்குச் சொன்னேன். மற்ற நாலு பெண்களும் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து கேட்டார்கள். முத்துலட்சுமி மேசைக்குப் பின்னால் குதிகாலைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். "இப்படியா?"

"அப்படித்தான்."

வியாழக்கிழமை. திரையில் சிவப்புத் துளி வந்ததும், "சொட்டப்பன் எவிடே?" என்று ஒரு குரல். "சொட்டப்பன் வரலியா?" என்று பல குரல். இல்லை என்றேன். ஊளையிட்டார்கள். மதுரைத் தியேட்டர்களில் மின்சாரம் போனால் எழும் ஊளைக்கு இது கொஞ்சமும் குறையவில்லை.

இந்தப் படத்தில் பின்னணிக் குரல் லில்லி டீச்சருடையது. செய்தி வாசிக்கிற தமிழைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரியே பேசச் சொல்லி, மதியம் என் போனில் பதிவு செய்திருந்தேன். இதயத்தை விட்டுத் துளி கிளம்பியதும் படம் நின்றுவிடும். "அடுத்து எங்க போகும்? விரல வச்சிக் காட்டுங்க" என்று குரல் கேட்கும். எல்லாரும் தங்கள் தாளில் விரல் வைத்த பிறகுதான் மேலே ஓடும். காலில் வந்ததும் மறுபடி நின்றது.

"இங்க முடிஞ்சுது" என்றான் பூசணிக்காய்ப் பாதம் வரைந்தவன்.

"முடிஞ்சா பின்ன இதயத்துக்குப் புது ரத்தம் எங்க இருந்து கிட்டும்? பைப் கனெக்‌ஷனா?" என்றாள் ஒருத்தி.

"மேல போகணும்."

"எங்ஙனடா போகும்? வெள்ளம் மேல ஏறுமா?"

"மோட்டார் வச்சா ஏறும்!"

சண்டை. பாதி தமிழ், பாதி மலையாளம், நடுவில் ஒரு ரப்பர் பறந்தது. பத்து நிமிடம் படம் அசையவே இல்லை. திரையில் ஒரு துளி கணுக்காலில் சும்மா நின்றுகொண்டிருந்தது, இருபது பிள்ளைகள் அதை எப்படி மேலே ஏற்றுவது என்று கழுத்தைப் பிடிக்காத குறையாக அடித்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த அனிமேஷன் ஓடாமல் நின்ற அந்தப் பத்து நிமிடம்தான்.

மகா மட்டும் பெஞ்சுக்குக் கீழே தன் கெண்டைக்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. பிறகு எழுந்து, "நடந்தா ஏறும். இந்தத் தசதான் மோட்டார்" என்றாள். நான் பட்டனைத் தட்டினேன். திரையில் கால் ஓரடி வைத்தது, தசை சுருங்கியது, துளி ஒரு கதவைத் தாண்டி ஏறியது, கதவு மூடிக்கொண்டது. "ஓ!" என்றது வகுப்பு. குட்டிக்கரணத்துக்கு வந்த சத்தம் வேறு, இது வேறு.

வெள்ளிக்கிழமை தாள்கள் வந்தன. பதினெட்டுப் பேர் ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தன் ரத்தத்தைக் காதுவழியாக வெளியேற்றியிருந்தான், அவனுக்கு என் அனுதாபங்கள். இன்னொருத்தி சொட்டப்பனை மட்டும் பெரிதாக வரைந்து, கண்ணில் கண்ணீரோடு, "மிஸ் யூ" என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை நான் மடித்து வைத்துக்கொண்டேன்.

லில்லி டீச்சர் படிவத்தை எடுத்து எழுதினார். "பன்னிரண்டு பாடமும் செய்யலாம். ஒரு நிபந்தனை: சொட்டப்பன் வேண்டாம்." படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "சரி. ஒரே ஒரு பட்டாம்பூச்சியாவது?" போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

ரயிலுக்கு நேரமிருந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குகிற சாக்கில் மறுபடி சாலை பஜாருக்குப் போனேன். துணிக்கடை மேசைக்குப் பின்னால் ஐந்து பெண்களில் நாலு பேர் ஒரு சீராக உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தார்கள். சேலை விலை கேட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர் அவர்களைப் பார்த்து விழித்தார். ஐந்தாமவளான முத்துலட்சுமி ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"இன்னைக்குக் காலேல மொதலாளிட்ட படத்தக் காட்டுனேன். டீச்சர்ட்ட வாங்கி மகா போன்ல ஏத்தித் தந்தா. பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறவு வேட்டியத் தூக்கிக் காலக் காட்டுதாரு, அவருக்கும் வீக்கம்! நாள் பூரா கல்லாவுல காலத் தொங்கப் போட்டு இருக்காருல்லா. சாயங்காலமே இத வாங்கிப் போட்டுட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு பேருக்கு ஒண்ணுதான். ஆளுக்குக் கா மணி நேரம், சுத்தி வரும். என் மொற வர ஒரு மணி நேரம் நிக்கணும்."

"சந்தோஷம்" என்றேன். தோளில் மடிக்கணினி, ஒரு கையில் சிப்ஸ், ஒரு கையில் நனைந்த குடை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்தாள். ஸ்டூலைத் தன் முந்தானையால் துடைத்து என் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க."

"ஐயோ, இது உங்க முறை."

"எனக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு. அத உங்களுக்குத் தாரேன். காலேலருந்து நிக்கியளே, உக்காருங்கக்கா."

உட்கார்ந்தேன். சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து ஐந்து பேருக்கும் நீட்டினேன்.

"சும்மா உக்காந்தா எப்படி?" என்றாள் முத்துலட்சுமி, பக்கத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கியபடி. "கால ஆட்டுங்க. நீங்கதான படம் போட்டது?"

ஆட்டினேன்.